அலைபேசிக் கோபுரத்தையா வேலைக்கு எடுக்கிறீர்கள்?

சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் ஐ.டி. நிறுவனங்களின் ஆளெடுப்புப் பிரிவில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

ராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகளுக்கு இனி நேரில் வருவதில்லை என்று உங்களில் ஒரு நிறுவனம் முடிவெடுத்திருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் சொல்லப்போவதில்லை. ஒரே நிறுவனத்தோடு முடிகிற சங்கதி என்றால் அவர்களுக்கு மட்டும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். இந்தப் பழக்கம் இன்று உங்களில் பலரிடம் இருக்கிறது.

பிளேஸ்மென்ட் அலுவலர்களுக்கு வந்த கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். பல கல்லூரிகளைச் சேர்த்து ராமநாதபுரத்தில் நடத்திவந்த பொது கேம்பஸ் தேர்வு நிறுத்தப்படுகிறது. மாணவர்கள் வீட்டிலிருந்தே கணினியில் தேர்வு எழுதலாம். இதனால் எந்த ஊர்க்காரருக்கும் சம வாய்ப்பு. படித்தபோது நல்ல செய்தி போலத்தான் இருந்தது. பஸ் செலவு மிச்சம் என்று பெற்றோர் சிலர் மகிழ்ந்தார்கள்கூட. தேர்வு நடந்தது. எங்கள் கடற்கரைப் பிள்ளைகளில் பலருக்குத் 'தேர்ச்சி இல்லை' என்று முடிவு வந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார்கள். வந்தது வேறு: 'முறைகேடு ஐயம், விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.' ஏன் என்று கேட்டு எழுதியவர்களுக்கு இயந்திரப் பதில் வந்தது: முடிவு இறுதியானது, இதுகுறித்த கடிதப் போக்குவரத்து ஏற்கப்படாது.

நான் தங்கச்சிமடத்துக்காரி. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் சோதனைக் குழு ஒன்றை நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாம்பன், மண்டபம், வேதாளை, பெரியபட்டினம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இணையவழியில் எஸ்.க்யூ.எல். என்கிற தரவுத்தள மொழி, எழுதிய நிரலைச் சேமித்துப் பகிரும் கிட் (Git), கொஞ்சம் பைத்தான், சோதனை எழுதும் முறை ஆகியவற்றைச் சொல்லித்தருகிறேன். எனவே இந்தத் தேர்வை எழுதியவர்கள் யார், அவர்களுக்கு என்ன தெரியும், தேர்வின்போது என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். முறைகேடு என்ற சொல் அவர்கள் வீட்டுக்குள் போய் என்ன செய்தது என்றும் தெரியும். "என்ன பிள்ள பண்ணுன?" என்று கேட்ட ஒரு தகப்பனுக்கு அவர் மகளால் பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்கே அது தெரியாதே.

உங்கள் தேர்வு எப்படி ஓடுகிறது என்பதை அந்தத் தகப்பன்மார் வாசிப்பதற்காகவும் ஒருமுறை எழுதிவிடுகிறேன். ஆப்டிட்யூட், ஆங்கிலம், சூடோ கோட் (நிரலின் படிகளைச் சாதாரணச் சொற்களில் எழுதுவது), அப்புறம் கோடிங் கேள்விகள். எழுதும் நேரம் முழுக்கக் கேமராவும் மைக்கும் திறந்திருக்க வேண்டும். திரையை விட்டு வெளியே போனால் ஒரு குறி. முகம் தெரியாவிட்டால் ஒரு குறி. பின்னால் இன்னொரு முகம் வந்தால், இன்னொருவர் குரல் கேட்டால், இணைப்பு அறுந்து மீண்டும் வந்தால், இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐ.பி. முகவரி நடுவில் மாறினால் குறிமேல் குறி. குறிகள் ஓர் அளவைத் தாண்டினால் மென்பொருளே விண்ணப்பத்தைத் தூக்கிப் போட்டுவிடும். எங்கள் பிள்ளைகள் விஷயத்தில் எந்த மனிதரும் அந்தப் பதிவை உட்கார்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. பார்த்திருந்தால் இந்த மடலுக்குத் தேவை வந்திருக்காது.

இனி எங்கள் பக்கத்து வீடுகளைச் சொல்கிறேன். ஒரு கூடம், ஒரு அடுப்படி. தனி அறை என்பது கட்டிக்கொடுத்த அக்கா ஊருக்கு வரும்போது மறைப்பு கட்டி உண்டாக்குவது. தேர்வு எழுதுகிற பெண்ணுக்குப் பின்னால் தம்பி தண்ணீர் குடிக்கப் போவான், போகத்தான் செய்வான். கோவில் திருவிழா என்றால் ஒலிபெருக்கி, தொழுகை நேரத்தில் பாங்கு, இரண்டும் இல்லாத நேரத்தில் காற்று. ஆடி மாதக் கச்சான் வீசுகிறபோது ராமேஸ்வரம் தீவில் ஒரு வீட்டின் மைக் எதைப் பதிவு செய்யும் என்று உங்கள் மென்பொருளைச் செய்தவர் வந்து ஒருநாள் கேட்டுப் பார்க்கலாம். இணையம் என்பது பெரும்பாலான வீடுகளில் அப்பாவின் போன். அவர் கடலுக்குப் போயிருந்தால் போனும் கடலில். சித்தப்பா போனைக் கடன் வாங்கி ஹாட்ஸ்பாட் போடுவார்கள். தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கை நிறுவனத்தின் சிக்னலைப் பிடித்துக்கொண்டு 'ரோமிங்' என்று காட்டுகிற நாட்டில் இருக்கிறோம். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது வேடிக்கை, படம் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

ஐ.பி. முகவரி பற்றி உங்கள் தொழில்நுட்பப் பிரிவிடமே கேளுங்கள். கைப்பேசி இணையத்தில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருப்பது சாதாரணம். இணைப்பு அறுந்து திரும்ப வந்தால் முகவரி மாறுவதும் சாதாரணம். ஒரே ஊரில் ஒரே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் இரண்டு பேர் ஒரே முகவரியிலிருந்து வந்தால் அது கூட்டுக் களவு ஆகாது. வீட்டில் வசதி இல்லை என்று ஒரு கல்லூரி தன் ஆய்வகத்தைத் திறந்துவிட்டது. பிள்ளைகள் அங்கே வரிசையாக உட்கார்ந்து எழுதினார்கள். எல்லோருக்கும் ஒரே முகவரி. எல்லோருக்கும் குறி.

இதில் ஒரு மாணவியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மண்டபத்துக்குப் பக்கம். அம்மா கடல்பாசி வளர்க்கும் பெண்கள் குழுவில் இருக்கிறார். மூங்கில் மிதவையில் பாசியைக் கட்டிக் கடலில் விட்டு, 45 நாளில் அறுத்து, காயவைத்து, எடைபோட்டு விற்பார்கள். யாருடைய மிதவையில் எவ்வளவு, யார் முன்பணம் வாங்கியது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் ஒரு நோட்டில் இருந்தது. நோட்டு நனையும், கணக்கு தகராறாகும். இந்தப் பெண் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அதற்கு ஒரு சிறு செயலி எழுதினாள். போனின் பிரவுசரிலேயே ஓடும். கரையில் சிக்னல் இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் பதிவை முதலில் போனுக்குள்ளேயே எழுதிவைத்து, சிக்னல் கிடைத்ததும் மேலே ஏற்றுகிற மாதிரி அமைத்தாள். இரண்டு பேர் ஒரே கணக்கை இரு போன்களில் திருத்தினால் எது செல்லும் என்பதற்கும் ஒரு விதி வைத்தாள். அந்த விதியில் ஓட்டை இருக்கிறது என்று நான் காட்டினேன். அடுத்த ஞாயிறு அடைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் குழுவில் மூன்று வருட அனுபவம் உள்ளவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிலர் முழிப்பார்கள்.

அவளுடைய மடிக்கணினி அண்ணனுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அரசு மடிக்கணினி. பேட்டரி செத்துவிட்டது, பிளக்கில் இருந்தால்தான் உயிர். உப்புக்காற்றில் யு.எஸ்.பி. துளைகள் துருப்பிடித்து ஒன்றுதான் வேலை செய்கிறது. தேர்வில் முதல் கோடிங் கேள்வியை முடித்துவிட்டாள், டெஸ்ட் கேஸ் எல்லாம் பச்சை. இரண்டாவதன் நடுவில் கரண்ட் போனது. கணினி அணைந்தது. கரண்ட் வந்து, கணினி எழுந்து, போனிலிருந்து இணைப்பு எடுத்து, திரும்ப உள்ளே போனபோது கடிகாரம் நிற்காமல் ஓடியிருந்தது. எழுதியதில் பாதியைக் காணோம். மின்னழுத்தம் குறைந்து டியூப் லைட் மினுக்கியது, முகம் தெரியவில்லை என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. "அக்கா, சிக்னல் போயிருச்சுக்கா, அது நான் வெளிய போயிட்டு வந்தேன்னு சொல்லுதுக்கா" என்று அன்று இரவு அழுதாள். மறுவாரம் முறைகேடு என்று கடிதம்.

சிக்னல் அறுந்தாலும் ஒரு எடைக்கணக்கு அழியக்கூடாது என்று யோசித்துச் செயலி எழுதியவள் அவள். சிக்னல் அறுந்ததும் எழுதிய விடையைத் தொலைத்துவிட்டு எழுதியவளைத் திருடி என்கிற மென்பொருள் உங்களுடையது. இரண்டில் எதை எழுதியவருக்கு வேலை கொடுக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

என் தொழில் சோதனை என்பதால் இதையும் சொல்கிறேன். நல்லதை நல்லது என்றும் கெட்டதைக் கெட்டது என்றும் பிரிக்காத ஒரு சோதனையை என் குழுவில் யாராவது எழுதி வந்தால் அதை நான் ஓடவிட மாட்டேன். பிழை இல்லாத இடத்தில் பிழை என்று கத்துகிற சோதனையால் நாளாக ஆகத் தீங்குதான். உண்மையான பிழை அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்து தப்பிவிடும். உங்கள் கண்காணிப்பு மென்பொருளை வாங்கும் முன் யாராவது அதைச் சோதித்தீர்களா? ஒரு கிராமத்து வீட்டில், நாற்பது வாட் வெளிச்சத்தில், ஹாட்ஸ்பாட் இணைப்பில் உட்கார்ந்து ஒருவராவது முழுத் தேர்வையும் எழுதிப் பார்த்தீர்களா? முகம் தேடும் மென்பொருள் எல்லா முகத்தையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்பது புதுச் செய்தி இல்லை. ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்கள், வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 சதவீதம் பிழை செய்தபோது, கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை பிழை செய்தன. அதற்குப் பிறகு மென்பொருள்கள் மேம்பட்டிருக்கலாம். மேம்பட்டது எங்கள் வெயிலில் காய்ந்த முகங்களுக்கும் சேர்த்துத்தானா என்று சோதித்துப் பார்ப்பது வாங்குகிறவர் பொறுப்பு.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். "இப்போது எல்லோரும் ஏமாற்றுகிறார்கள், ஏ.ஐ. வந்தபிறகு கேமரா இல்லாமல் தேர்வு நடத்தவே முடியாது." ஏமாற்று நடக்கிறது, மறுக்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு விடை அனுப்பும் டெலிகிராம் குழுக்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் யார் ஏமாற்ற முடியும்? தனி அறை வேண்டும், அறுபடாத ஃபைபர் இணைப்பு வேண்டும், கேமராவுக்கு மேலே இரண்டாவது திரை வேண்டும், பக்கத்து அறையில் விடை சொல்ல ஒரு ஆள் வேண்டும். இவ்வளவும் உள்ளவனிடம் உங்கள் மென்பொருள் ஒரு குறியும் போடாது, அவன் முகம் பளிச்சென்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்றும் இல்லாதவள்தான் மாட்டுகிறாள். ஏமாற்றைத் தடுக்க இதைவிட மலிவான, பழைய வழி ஒன்று இருக்கிறது: ஒரு அறை, ஒரு கண்காணிப்பாளர். அதைத்தான் நீங்கள் நிறுத்தினீர்கள்.

அந்தப் பழைய வழியில் வந்தவள் நான். 2011-இல் எங்கள் மாவட்டக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் எழுதினேன். நடுவில் கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டர் எடுக்கவில்லை. வந்திருந்த ஹெச்.ஆர். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டு, "டீ சாப்பிட்டு வாங்கம்மா, வந்ததும் ஆரம்பிக்கலாம்" என்றார். மீதி நேரத்தைக் கொடுத்தார், எழுதினோம். அன்று தேர்வானவர்களில் இன்று டெலிவரி மேனேஜராக இருப்பவரும் உண்டு, சிங்கப்பூரில் கிளவுட் ஆர்கிடெக்டாக இருப்பவரும் உண்டு. அந்த அதிகாரி பெரிய தியாகம் எதுவும் செய்துவிடவில்லை. அறையில் இருந்தார், கண்ணால் பார்த்தார், அவ்வளவுதான்.

கேமராவுக்கு வருமுன்னே இன்னொரு வாசல் இருக்கிறது. பத்தாவதில் 60, பன்னிரண்டில் 60, பட்டப்படிப்பில் 60 சதவீதம், அரியர் இருக்கக்கூடாது, படிப்பில் இடைவெளி இருக்கக்கூடாது. விண்ணப்பப் படிவத்தில் இடைவெளிக்குக் காரணம் கேட்டு ஒரு பட்டியல் வைத்திருக்கிறீர்கள். உடல்நலம், போட்டித் தேர்வுத் தயாரிப்பு, மற்றவை. என்னிடம் படித்த ஒரு பையனின் அப்பா போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. அப்பா திரும்பினார், படகு திரும்பவில்லை. கடன் அப்படியே நின்றது. பிளஸ் டூ முடித்த பையன் ஒரு வருடம் இன்னொருவர் விசைப்படகில் கூலிக்குப் போய்விட்டுத்தான் கல்லூரியில் சேர்ந்தான். பட்டியலில் அதற்கு இடம் இல்லை. 'மற்றவை' என்று அழுத்தினான், அடுத்த பக்கமே திறக்கவில்லை. இவ்வளவுக்கும் கல்லூரியில் அவனுக்கு ஒரு அரியர்கூட இல்லை. வேலை நேரத்தையும் நெருக்கடியையும் அவன் கையாளும் விதம் பற்றி நேர்காணலில் நீங்கள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த ஒரு வருடத்தில் இருந்தது. கேட்டால்தானே சொல்ல முடியும்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கும் ஒருவன் நன்றாக டீபக் செய்வானா, அதாவது நிரலில் பிழை கண்டு திருத்துவானா என்பதற்கும் என்ன தொடர்பு என்று இத்தனை வருடத்தில் எனக்கு யாரும் விளக்கியதில்லை. விண்ணப்பம் லட்சக்கணக்கில் வருகிறது, எதையாவது வைத்துக் குறைக்க வேண்டும் என்பதுதான் உண்மைக் காரணம் என்று உங்கள் ஆட்களே தனியாகப் பேசும்போது சொல்கிறார்கள்.

சரி, எல்லா வாசலையும் தாண்டி ஆஃபர் கடிதம் வாங்கியவன் கதை என்ன? 2022, 2023-இல் பட்டம் முடித்தவர்களில் ஆஃபர் கையில் இருந்தும் ஒரு வருடத்துக்கு மேல் சேரும் தேதி இல்லாமல் காத்திருந்தவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. எங்கள் பக்கமும் அப்படிக் காத்திருந்தார்கள். பல கல்லூரிகளில் ஒருவருக்கு ஒரு ஆஃபர்தான் என்று விதி, அதனால் அடுத்த கம்பெனி கேம்பஸுக்கு அவர்களை விடவில்லை. காத்திருக்கும் காலத்தில் சம்பளம் இல்லாமல் பயிற்சி, அதில் தேர்வு, தேறாவிட்டால் ஆஃபர் ரத்து. சென்னையில் காத்திருக்கிறவன் பகுதிநேரமாக ஏதாவது செய்துகொண்டு காத்திருப்பான். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலை நம்பிய குடும்பத்துக்கு அரசு நிவாரணமாக 8,000 ரூபாய் வருகிறது. அதை வைத்து இரண்டு மாதம் ஓட்டுகிற வீட்டில், படித்து முடித்த பையன் உங்கள் மின்னஞ்சலுக்காகச் சும்மா இருக்கிறான். கீழக்கரையில் ஒருவன் காத்திருந்து அலுத்துப்போய் மாமா அனுப்பிய விசாவில் துபாய்க்கு ஏறிவிட்டான். அங்கே ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். ஜாவா நன்றாக எழுதுவான்.

காத்திருக்கிறவர்களைச் சுற்றி யார் வருகிறார்கள் என்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "உள்ளே ஆள் இருக்கிறது, லட்சம் ரூபாய் கொடுத்தால் நேரே வேலை" என்று போன் வரும். இரண்டு வருட அனுபவம் என்று பொய்ச் சான்றிதழ் தயார்செய்து கொடுக்கும் கன்சல்டன்சிகளும் உண்டு. அதை நம்பிச் சேர்ந்த பிள்ளையின் பி.எஃப். வரலாற்றை நீங்கள் பின்னணி சரிபார்ப்பில் எடுத்துப் பார்ப்பீர்கள், அனுபவம் இருந்ததாகச் சொன்ன மாதங்களில் ஒரு ரூபாய்கூடக் கட்டப்பட்டிருக்காது, அன்றே வெளியேற்றுவீர்கள். நகை அடகில் இருக்கும். 'எங்கள் நிறுவனம் யாரிடமும் பணம் கேட்பதில்லை' என்று மின்னஞ்சலின் அடியில் சின்ன எழுத்தில் போட்டுவிட்டுக் கை கழுவுகிறீர்கள். நேரே வருகிற வாசலைச் சாத்திவைத்தால் சந்து வழியாகக் கூட்டிப் போகிறவனுக்குத்தான் வியாபாரம். இதில் உங்களுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இது அரசிடம் கேட்க வேண்டியதுதானே என்று சிலர் கேட்டார்கள். அரசிடம் கேட்க வேண்டியதை அரசிடம் கேட்கிறோம், அது வேறு மடல். 2018-இல் ஒன்றிய அரசு தமிழ்நாட்டில் வளர்ச்சியில் பின்தங்கிய, 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று குறித்தவை இரண்டு, விருதுநகரும் ராமநாதபுரமும். தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டம் 2022-இல் வந்தது, அதில் எங்கள் பிள்ளைகளும் படிக்கிறார்கள். தூத்துக்குடியில் 2024 டிசம்பரில் நியோ டைடல் என்ற ஐ.டி. பூங்கா திறந்தார்கள், மகிழ்ச்சி. கண்ணாடிக் கட்டடம் ஒன்றை ராமநாதபுரத்தில் கொண்டுவந்து வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் அலுவலகம் போட்டு ஓட்டிக் காட்டியிருக்கிறது. கிராமத்தில் ஆள் கிடைப்பார்களா என்ற கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். இரண்டு நாள் வந்து தேர்வு வைத்துவிட்டுப் போங்கள் என்கிறேன். சென்னையில் மாலை சேது எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியுமுன் ராமநாதபுரம். எங்கள் பிள்ளைகள் நேர்காணலுக்கு அதே வண்டியில்தான், பலநேரம் முன்பதிவில்லாப் பெட்டியில், உங்களிடம் வருகிறார்கள்.

சலுகை கேட்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கேள்வியைச் சுலபமாக்கச் சொல்லவில்லை. இங்கே வந்து இன்னும் கடினமான கேள்வி கொடுங்கள், தோற்பவர் தோற்கட்டும். கோடு எழுதத் தெரியாதவனை எடுக்காதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். என் குழுவுக்கே அப்படிப்பட்ட ஆள் வேண்டாம்.

இனி நான் கேட்பவை.

வருடத்துக்கு இருமுறையாவது ராமநாதபுரத்தில் நேரடித் தேர்வு நடத்துங்கள். பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரே தேர்வாக வைத்தாலும் சரி. ஜெனரேட்டர் உள்ள ஆய்வகம் கொடுக்கக் கல்லூரிகளிடம் பேசி வைக்கிறோம். இந்தத் துறையில் இருக்கும் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் விடுமுறை போட்டு வந்து உங்கள் ஆட்களுக்கு உதவியாக நிற்கத் தயார். கேள்வித்தாளை நாங்கள் தொட மாட்டோம்.

இணையவழித் தேர்வைத் தொடர்வதானால் அதைத் திருத்துங்கள். இணைப்பு அறுந்தால் கடிகாரம் நிற்க வேண்டும், எழுதியது எழுதியவர் கணினியிலேயே சேமிக்கப்பட்டு, திரும்ப வந்ததும் அப்படியே கிடைக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இல்லை என்றால் மண்டபத்துப் பெண் ஒருத்தி சொல்லித்தருவாள். கல்லூரி ஆய்வகங்களை அனுமதிக்கப்பட்ட மையங்களாக முன்கூட்டியே பதிவுசெய்யுங்கள், ஒரே ஐ.பி. முகவரி என்பதற்காக யாரையும் குற்றவாளி ஆக்காதீர்கள். முறைகேடு என்ற சொல்லை எழுதும் முன் ஒரு மனிதர் அந்தப் பதிவைப் பார்த்திருக்க வேண்டும். எந்த நிமிடத்தில் எதைக் கண்டு அந்த முடிவு என்று விண்ணப்பித்தவருக்குச் சொல்ல வேண்டும். அவர் முகத்தையும் வீட்டையும் பதிவுசெய்து வைத்திருப்பவர் நீங்கள். தன் தரவை வைத்து என்ன செய்தார்கள் என்று ஒருவர் கேட்பதற்கு நாட்டில் 2023-இல் சட்டமே இயற்றியாயிற்று. மேல்முறையீட்டுக்கு ஒரு முகவரி, ஒரு மறுதேர்வு, அதற்கு ஒரு காலக்கெடு வையுங்கள்.

மாவட்டத்துக்கு வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் அங்குள்ளவர்களுக்குத் தேர்வு வைக்காதீர்கள், வேறு நாள் கொடுங்கள். 2024 நவம்பர் 20-இல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு நாளில் கேமராவுக்கு முன்னால் அசையாமல் உட்கார் என்று இடுப்பளவு தண்ணீரில் பாத்திரம் தூக்குகிற வீட்டுப் பிள்ளையிடம் சொல்ல முடியாது.

பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வரம்பை எடுத்துவிடுங்கள். உடனே முடியாது என்றால், செய்து முடித்த ஒரு செயலியையோ கிட்டில் போட்ட வேலையையோ அதற்கு மாற்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். இடைவெளிக் காரணம் கேட்கும் இடத்தில் பட்டியலுக்குப் பதில் நான்கு வரி எழுத இடம் விடுங்கள், குடும்பத்துக்காக உழைத்த வருடத்தைக் குறையாக எண்ணாதீர்கள்.

ஆஃபர் கடிதத்தில் சேரும் தேதியைப் போடுங்கள். அந்தத் தேதி தாண்டி மூன்று மாதம் ஆனால் அன்றிலிருந்து மாதம் ஒரு தொகை கொடுங்கள், முடியாவிட்டால் வேறு இடம் தேடிக்கொள்ளலாம் என்று கல்லூரிக்கும் மாணவருக்கும் எழுத்தில் கொடுத்து விடுவியுங்கள். தொடக்கச் சம்பளம் பத்துப் பன்னிரண்டு வருடமாக ஆண்டுக்கு 3.5 லட்சத்தை ஒட்டியே நிற்பதைப் பற்றியும் பேச நிறைய இருக்கிறது. அதை இன்னொரு நாள் பேசுவோம், முதலில் உள்ளே வரட்டும்.

முதல் வேலையாகச் செய்ய வேண்டியது ஒன்று. இந்த முறை முறைகேடு என்று குறிக்கப்பட்ட ராமநாதபுரம் மாவட்ட மாணவர்கள் அத்தனை பேரின் பதிவுகளையும் வெளியே எடுத்து ஒரு மனிதர் பார்க்கட்டும். தவறு செய்தவர் இருந்தால் ஆதாரத்தோடு அவரிடம் சொல்லுங்கள். செய்யாதவர்களுக்கு அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கடிதம் அனுப்புங்கள், மறுதேர்வுக்குத் தேதி கொடுங்கள். கடிதம் மாணவரின் பெயருக்கு, தமிழிலும் ஒரு பிரதியோடு வரட்டும். அப்பாக்கள் படிக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கான கேம்பஸ் ஜூலையில் தொடங்கிவிடும், அதற்கு முன் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்திலிருந்து வந்த ஒரு மென்பொருள் சோதனையாளர்